கல்யாண மகாலுக்கு ஏறிய தண்ணீர்

செஞ்சிக் கோட்டைக்குப் போகிறவர்கள் கல்யாண மகாலின் முன் நின்று ஒரு படமாவது எடுத்துக்கொள்ளாமல் திரும்புவதில்லை. நாற்புறமும் அறைகள் சூழ்ந்த முற்றம், கூம்புக் கூரையோடு நிமிர்ந்து நிற்கும் எட்டு அடுக்குக் கோபுரம். அந்தக் கோபுரத்தில் கண்ணில் படாத ஒரு விஷயம் இருக்கிறது. கோட்டைச் சுவருக்கு வெளியே சில நூறு மீட்டர் தள்ளியிருந்த ஒரு நீர்த்தேக்கத்திலிருந்து, சுட்ட மண் குழாய் வழியாக அதன் ஆறாவது அடுக்கு வரை தண்ணீர் ஏறியிருக்கிறது. மோட்டார் கிடையாது. மின்சாரம் என்ற சொல்லே பிறக்காத காலம்.

எப்படி ஏறியது? தண்ணீர் தன் மட்டத்தைத் தேடும். நீர்த்தேக்கம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, மூடிய குழாயின் மறுமுனையிலும் கிட்டத்தட்ட அவ்வளவு உயரத்துக்கு அது தானாக எழும். நடுவில் குழாய் பள்ளத்தில் இறங்கிப் போனாலும் பரவாயில்லை. மேகம் அந்தத் தண்ணீரை ஏற்கெனவே தூக்கி மேட்டில் வைத்துவிட்டது. கோட்டைக்காரர்கள் செய்ததெல்லாம் அந்த உயரத்தை வீணாக்காமல் காப்பாற்றியதுதான். ராஜகிரி அடிவாரத்துச் செட்டிக்குளமும் சக்கரக்குளமும் மலைச்சரிவில் வழியும் மழையை மடக்கிப் பிடித்தன. அவர்கள் இந்த அளவுக்குக் கவனமாக இருந்ததற்குக் காரணம் எளிது. தண்ணீரைத் தூக்குவது எவ்வளவு பெரிய பாடு என்பது அவர்களுடைய தோளுக்குத் தெரியும். ஏற்றம் மிதித்தவருக்கும், கவலை இழுத்த மாட்டுக்கும் தெரியும்.

நமக்குத் தெரியாமல் போய்விட்டது. பச்சைப் பொத்தானை அழுத்தினால் தொட்டி நிரம்புகிறது. ஆகவே அந்தப் பாட்டை ஒரு கணக்காகவாவது போட்டுப் பார்ப்போம். பத்து மீட்டர் ஆழக் கிணற்றிலிருந்து பத்து லிட்டர் வாளி ஒன்றை இழுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு யூனிட் மின்சாரத்துக்குள் அப்படிப்பட்ட 3,600 வாளிகளுக்கும் மேல் அடங்கியிருக்கின்றன. ஒரு நாள் முழுக்க இழுத்தாலும் ஒருவரால் முடிகிற வேலையில்லை. அதை நாம் சில ரூபாய்க்கு வாங்குகிறோம். அந்த யூனிட் எங்கோ நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியிலோ வடசென்னையின் அனல் கொதிகலனிலோ பிறந்திருந்தால், அதன் பின்னால் கரியமில வாயு வந்துகொண்டிருக்கும். காற்றாலை, சூரிய ஒளி, நீர்மின்சாரம், அணு எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி பார்த்தாலும் இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது.

கோட்டைக்குக் கீழே இன்று இருப்பது செஞ்சி பேரூராட்சி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சுமார் 27 ஆயிரம் பேர். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில், சுற்றுக் கிராமங்களின் நெல்லும் மணிலாவும் வந்து இறங்கும் ஊர். அறுவடைக் காலத்தில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் வாசலில் மூட்டை வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். 2025 ஜூலையில் மராட்டியப் போர்க்கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே இடம்பெற்ற ஒரே கோட்டை செஞ்சி. இனி இங்கே வரும் கூட்டம் கூடும். குடிநீர், விளக்கு, குப்பை மூன்றும் சேர்ந்தே கூடும். இந்த மூன்றும்தான் ஒரு பேரூராட்சி அன்றாடம் கையாளும் வேலைகள். அதன் கார்பன் கணக்கில் பெரும்பகுதி அந்த மூன்றுக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

மோட்டார் கொட்டகையிலிருந்து தொடங்குகிறேன். செஞ்சி அளவுள்ள ஓர் ஊருக்கு, ஆளுக்கு நாளொன்றுக்கு 70 லிட்டர் என்று வைத்தால், தினமும் ஏறத்தாழ 19 லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும். கிணற்று நீர்மட்டத்திலிருந்து மேல்நிலைத் தொட்டியின் உச்சி வரை, குழாயில் ஏற்படும் உராய்வையும் சேர்த்து, 60 மீட்டர் தூக்க வேண்டியிருக்கிறது என்று கொள்வோம். இது எடுத்துக்காட்டுக் கணக்குதான். உண்மையான எண் ஒவ்வொரு ஆழ்துளைக் கிணற்றுக்கும் மாறும். இயற்பியல் கேட்கும் குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 310 யூனிட். அதற்குக் கீழே எவராலும் இறங்க முடியாது. சரியாகத் தேர்ந்தெடுத்து, நன்றாகப் பராமரித்த பம்பும் மோட்டாரும் சேர்ந்து 60 சதவீதத் திறனில் ஓடினால் 515 யூனிட் ஆகும். பழைய பம்ப், 30 சதவீதத் திறன் என்றால் 1,030 யூனிட். வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரில் ஒரு சொட்டும் கூடவில்லை. ஆனால் நாளுக்கு 515 யூனிட் வெறும் சூடாகவும் சத்தமாகவும் போய்விட்டது. ஆண்டுக்கு 1.88 லட்சம் யூனிட். உள்ளாட்சிக் குடிநீருக்கான மின்கட்டணம் யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல். ஆக, குறைந்தது 15 லட்சம் ரூபாய். கரியமில வாயுவோ சுமார் 130 டன்.

30 சதவீதம் என்பது மிகையாகச் சொன்னதல்ல. குடிநீர் பம்புகளில் எரிசக்தித் தணிக்கை செய்கிறவர்கள் அடிக்கடி சந்திக்கும் எண்தான். அது எப்படி அவ்வளவு தாழ்ந்துபோகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முதல் காரணம், பொருந்தாத பம்ப். எந்தப் பம்புக்கும் அது மிகத் திறமையாக ஓடக்கூடிய ஓர் உயரமும் ஓர் ஓட்டமும் உண்டு. நூறு மீட்டருக்குச் செய்த பம்பை ஐம்பது மீட்டருக்குப் போட்டால் அது தன் இடத்தைவிட்டு விலகி ஓடும். வாங்கும்போது "கொஞ்சம் பெரிசாவே போட்டுடுவோம், பின்னாடி உதவும்" என்று சொல்வது நம் பழக்கம். பிறகு தண்ணீர் வேகம் அதிகமாக வருகிறதென்று வால்வைப் பாதி மூடி வைப்போம். பிரேக்கை மிதித்துக்கொண்டே ஆக்சிலேட்டரை அழுத்துவதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. வால்வை மூடாமல் பம்பின் வேகத்தைக் குறைக்கும் கருவியைப் பொருத்தலாம். உராய்வே பெரும்பகுதியாக இருக்கும் நீண்ட குழாய்களில் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தாலே மின்தேவை கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். ஏனென்றால் சக்தி வேகத்தின் மும்மடியைப் பொறுத்து மாறுகிறது.

இரண்டாவது, காயில். மோட்டார் எரிந்தால் காயில் கட்டி மறுபடி இறக்குகிறோம். அவசரத்தில் செய்த வேலையானால் ஒவ்வொரு முறையும் திறன் ஓரிரு சதவீதம் குறையக்கூடும். கண்ணுக்குத் தெரியாது. நான்கைந்து முறை காயில் கட்டிய மோட்டார் புதிய மோட்டாரின் விலையை மின்கட்டணமாகவே தின்றிருக்கும்.

குழாயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மண்ணுக்குள் கிடப்பதால் அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அதே அளவு தண்ணீரை இரு மடங்கு விட்டமுள்ள குழாயில் அனுப்பினால் உராய்வு இழப்பு ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்காகச் சுருங்கும். எதிர்த்திசையில் நினைத்துப் பாருங்கள்: உள்ளே உப்புப் படிந்து விட்டம் சுருங்கிய பழைய குழாயில் பம்ப் எந்த மலையை ஏறிக்கொண்டிருக்கிறது! கசிவும் அப்படித்தான். நூறு லிட்டரில் முப்பது லிட்டர் வழியில் கசிந்தால், வீடுகளுக்கு நூறு லிட்டர் போய்ச்சேர 143 லிட்டர் இறைக்க வேண்டும். தெருவில் வழியும் அந்தத் தண்ணீர் ஒவ்வொரு சொட்டும் அறுபது மீட்டர் ஏறி வந்தது. பொதுக்குழாயின் வால்வில் வாஷர் மாற்றும் பிளம்பரைக் காலநிலைப் பணியாளர் என்று நாம் யாரும் நினைப்பதில்லை. நினைக்க வேண்டும்.

இன்னும் ஒன்று, எனக்கு மிகவும் பிடித்தது. செஞ்சியின் நிலம் கருங்கல் நிலம். உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடக்கும் அந்தக் குன்றுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தரைக்கடியில் என்ன இருக்கிறதென்று. பாறை விரிசல்களில் நிற்கும் நீர்தான் இங்கே நிலத்தடி நீர். மழை பெய்தால் மட்டம் வேகமாக உயரும். கோடையில் அதே வேகத்தில் இறங்கும். மட்டம் பத்து மீட்டர் இறங்கினால், நாம் மேலே எடுத்துக்கொண்ட ஊருக்கு, நல்ல பம்பிலேயே நாளொன்றுக்குச் சுமார் 86 யூனிட் கூடுதலாகச் செலவாகும். அப்படியானால் ஏரியைத் தூர்வாருவது, வரத்து வாய்க்காலின் அடைப்பை எடுப்பது, கோயில் குளத்துக்கு மழைநீரைத் திருப்பிவிடுவது எல்லாம் மின்சாரச் சேமிப்பு வேலைகளும்தான். கோட்டையின் குளங்கள் இதைத்தான் செய்தன: தண்ணீரைக் கையெட்டும் தூரத்தில் வைத்திருந்தன. நீர்நிலைகளையும் எரிசக்தியையும் தனித்தனிக் கோப்புகளில் வைத்திருப்பது நம் அலுவலகங்களின் வசதிக்காக. மண்ணுக்குள் அப்படிப்பட்ட பிரிவு எதுவும் இல்லை.

தெருவிளக்கு விஷயம் இதைவிட எளிது, பல ஊர்களில் பாதி நடந்தும்விட்டது. 40 வாட் டியூப்லைட், அதன் சோக்கு இழுப்பதையும் சேர்த்தால் 50 வாட்டைத் தாண்டும். அதே வெளிச்சத்தை 20 வாட் எல்.இ.டி. தரும், வெளிச்சத்தை வானத்துக்கு விடாமல் தரைக்கே அனுப்பும் என்பது கூடுதல் நன்மை. ஆயிரம் விளக்குகளை மாற்றினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1.3 லட்சம் யூனிட், 90 டன் கரியமில வாயு மிச்சம். 2015 ஜனவரியில் மத்திய அரசு தொடங்கிய தேசியத் தெருவிளக்குத் திட்டம் நாடெங்கும் இதைப் பரப்பியது. மாற்றியதோடு வேலை முடிவதில்லை. காலை ஒன்பது மணிக்கும் எரிந்துகொண்டிருக்கும் விளக்கு எல்.இ.டி.யாக இருந்தாலும் வீண்தான். சூரியன் எழும், விழும் நேரத்தை ஆண்டு முழுதுக்கும் நினைவில் வைத்திருக்கும் சிறு கடிகாரச் சுவிட்சுகள் கிடைக்கின்றன. மின்கம்பத்துப் பெட்டியில் ஒன்றைப் போட்டால் யாரும் போய் அணைக்க வேண்டியதில்லை.

இதுவரை சொன்னவை எல்லாம் மின்கட்டண ரசீதில் தெரிபவை. ரசீதில் வராத ஒன்று இவை எல்லாவற்றையும்விடப் பெரியது. குப்பை.

இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டுப் பார்த்தபோது எங்கோ ஒரு சுழியைக் கூடுதலாகப் போட்டுவிட்டேனோ என்று திரும்பச் சரிபார்த்தேன். ஆளுக்கு நாளொன்றுக்கு 300 கிராம் குப்பை என்றால் 27 ஆயிரம் பேருக்கு எட்டு டன். அதில் பாதி சோறு, காய்கறித் தோல், வாழை இலை, சந்தைக் கழிவு. இந்த ஈரக் குப்பையைக் குவியலாகக் கொட்டினால் உள்ளே காற்றுப் போகாது. காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று மீத்தேனை வெளிவிடும். நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் ஒரு கிலோ மீத்தேன் ஏறக்குறைய 28 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்குகிறது. ஆழமில்லாத குப்பை மேட்டில்கூட, பன்னாட்டுக் காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி. தரும் கணக்கீட்டு முறைப்படி, ஒரு டன் உணவுக் கழிவு அழுகி முடிவதற்குள் சுமார் 20 கிலோ மீத்தேன் வெளியாகும். நாளுக்கு நான்கு டன் ஈரக் குப்பை, ஆண்டு முழுக்க: 800 டன் கரியமில வாயுவுக்கு ஈடு. பம்பில் மிச்சம் பிடித்ததைப் போல் ஆறு மடங்கு. இந்த வாயு ஒரே நாளில் கிளம்பிவிடாது, சில ஆண்டுகளாக மெல்ல வெளிவரும். ஆனால் தினமும் புதிய குப்பை விழுகிறது.

இதைத் தடுக்கும் நுட்பம் வியக்கத்தக்க அளவுக்கு எளிமையானது. அதே குப்பைக்குக் காற்றைக் கொடுத்தால் போதும். குப்பையைப் பிரித்து உரமாக்கும் இடமான வளம் மீட்புப் பூங்காவில் தொட்டிகளில் போட்டு, ஈரம் பார்த்து, புரட்டிவிட்டால் வேறு வகை நுண்ணுயிர்கள் வேலைக்கு வருகின்றன. மீத்தேன் மிகச் சொற்பமாகிவிடும், மிஞ்சுவது உரம். சுற்றிலும் நெல்லும் மணிலாவும் கரும்பும் விளையும் ஊரில் உரத்துக்குப் போக இடமில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் இது முழுக்க முழுக்க வீட்டு வாசலில் நடக்கும் பிரிப்பைப் பொறுத்தது. 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பையைப் பிரித்துக் கொடுப்பதை வீட்டுக்காரர்களின் கடமையாக்கின. சோற்றோடு பாலித்தீன் பையையும் கண்ணாடித் துண்டையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தால், அதைக் கையால் பிரிக்க வேண்டியவர் தூய்மைப் பணியாளர். காலநிலை மாற்றத்தைப் பற்றிய நம் பேச்சில் மிகக் குறைந்த ஊதியம் வாங்கும் இந்த மனிதர்கள்தான் மிகப் பெரிய எண்ணைக் கையில் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கையுறையும் நிரந்தர ஊதியமும் கொடுப்பது தருமமாகச் செய்ய வேண்டியதல்ல. இந்தத் திட்டத்தின் அச்சாணியே அதுதான்.

சிறிய உள்ளாட்சியால் இதெல்லாம் ஆகுமா என்று கேட்பவர்களுக்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் ஊரைக் காட்டலாம். கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை. பேரூராட்சிகூட இல்லை, சாதாரணக் கிராம ஊராட்சி. 1996 முதல் பத்தாண்டுகள் தலைவராக இருந்த ஆர். சண்முகம் மின்கட்டண ரசீதைக் கையில் எடுத்தவர். பவானி ஆற்றுத் தண்ணீரை இறைக்கும் செலவு ஏறிக்கொண்டே போனது. முதலில் மரக்கழிவை எரிவாயுவாக்கிப் பம்ப் ஓட்டும் சிறு இயந்திரம் ஒன்றை நிறுவினார்கள். அதன் பிறகுதான் காற்றாலை. 2006-இல், 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஊராட்சியே வாங்கியது. 40 லட்சம் தன் சேமிப்பு, மீதி வங்கிக் கடன். காற்றாலை நிற்பது ஊரில் அல்ல, பாலக்காட்டுக் கணவாயின் காற்று வீசும் உடுமலைப்பேட்டைப் பக்கத்து மைவாடியில். அங்கே உற்பத்தியாவதை மின்தொகுப்பில் சேர்த்து, ஊரில் எடுத்துக்கொள்கிறார்கள். ஆண்டுக்கு 6.75 லட்சம் யூனிட். ஊருக்குத் தேவை நான்கரை லட்சம். மீதியை மின்வாரியத்துக்கு விற்ற பணத்தில் கடன் அடைந்தது.

அந்த 6.75 லட்சத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 350 கிலோவாட் இயந்திரம் ஆண்டு முழுக்க நிற்காமல் முழு வேகத்தில் சுற்றினால் முப்பது லட்சம் யூனிட் வரும். வருவது அதில் 22 சதவீதம். காற்று அவ்வளவுதான் வீசும். சூரியத் தகடும் அப்படித்தான்; தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் தகடு ஆண்டுக்குச் சுமார் 1,500 யூனிட் தரும். மேலே சொன்ன திறன் கெட்ட பம்பு வீணாக்கும் 1.88 லட்சம் யூனிட்டை ஈடுகட்ட மட்டும் 125 கிலோவாட் தகடுகளைப் பரப்ப வேண்டும். கூரை மீது தகடு மின்னுவது திறப்புவிழாவுக்கு அழகு. ஆனால் கெட்ட பம்பின் மேல் தகட்டை வைப்பது, ஓட்டை வாளிக்குப் பெரிய கயிறு வாங்குவது போல. பம்பைச் சரிசெய்த பிறகு தகடு வைத்தால் பாதித் தகடு போதும். இன்னொரு வசதியும் உண்டு: குடிநீர் ஏற்றுவதை வெயில் உச்சியில் இருக்கும் நேரத்துக்குத் தள்ளிப்போடலாம். தொட்டி நிரம்பிவிட்டால், விநியோகம் எப்போது வேண்டுமானாலும் நடக்கும். பேட்டரி இல்லாமலே பகல் வெயிலை மறுநாள் காலைக் குடத்துக்குக் கொண்டுபோக இது வழி.

பணம் எங்கே என்ற கேள்விக்கு இங்கிலாந்தில் வோக்கிங் என்ற சிறுநகர மன்றம் ஒரு நல்ல விடை கண்டது. 1990-91-இல் இரண்டரை லட்சம் பவுண்டைத் தனி நிதியாக ஒதுக்கினார்கள். அதில் செய்த முதல் சீரமைப்புகளால் எரிபொருள் செலவில் மிச்சமான தொகை பொதுக்கணக்கில் கரைந்துபோகாமல் அதே நிதிக்குத் திரும்பியது. அடுத்த வேலை அதிலிருந்து. அதன் மிச்சமும் அங்கேயே. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் மன்றத்தின் எரிசக்திப் பயன்பாடு ஏறக்குறையப் பாதியளவுக்கு இறங்கியது. நம் ஊர்களில் மகளிர் குழுவின் சுழல்நிதி இப்படித்தான் ஓடுகிறது; புரியாத விஷயமில்லை. பேரூராட்சி மன்றத்தில் ஒரு தீர்மானம் போட்டு, பம்பில் மிச்சமாகும் 15 லட்சத்தை அடுத்த குழாய்க்கும் அதற்கடுத்த தகட்டுக்கும் என்று பூட்டி வைத்தால் வேலை தானே நகரும்.

உலகம் ஆண்டுதோறும் வெளிவிடும் கரியமில வாயுவில் பம்பு, விளக்கு, குப்பை மூன்றிலும் செஞ்சி குறைக்கக்கூடிய ஆயிரம் டன் எந்த மூலைக்கு என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் தமிழ்நாட்டில் சுமார் 490 பேரூராட்சிகள் இருக்கின்றன; எல்லாவற்றிலும் ஏறக்குறைய இதே மோட்டார், இதே குழாய், இதே குப்பை மேடு. அதோடு, வெளிவிடுவது குறைவு என்பதால் வரும் பாதிப்பும் குறைவாக வரப்போவதில்லை. 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, இதே விழுப்புரம் மாவட்டத்தின் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை பதிவானது. தனி ஒரு புயலைக் கைகாட்டி இது காலநிலை மாற்றத்தின் வேலை என்று அறிவியல் எளிதில் சொல்லாது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லும். ஆற்றுப் படுகையிலும் ஏரிக்கரையிலும் இருக்கும் மோட்டார் கொட்டகைகள் அப்படிப்பட்ட நாளில்தான் முதலில் மூழ்குகின்றன. ஊருக்குக் குடிநீர் மிகவும் தேவைப்படுவதும் அன்றுதான்.

தொடங்குவதற்கு நிதி ஒதுக்கீடு வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. தொட்டி ஆபரேட்டர்களிடம் பொதுவாக ஒரு நோட்டு இருக்கும்: மோட்டார் எத்தனை மணிக்குப் போட்டது, எத்தனை மணிக்கு நிறுத்தியது. அதில் இன்னும் இரண்டு கோடுகள் இழுக்க வேண்டும். ஒன்றில் மின்மீட்டரின் எண், மற்றதில் தொட்டிக்கு ஏறிய தண்ணீரின் அளவு. மாதக் கடைசியில் ஒன்றை மற்றதால் வகுத்தால், ஆயிரம் லிட்டருக்கு எத்தனை யூனிட் என்று வரும். அறுபது மீட்டருக்கு 0.27 என்றால் பம்ப் நன்றாக இருக்கிறது. 0.54 என்றால் அந்தப் பம்பைத்தான் முதலில் மேலே எடுக்க வேண்டும்.